கோமதி கலைத்துப்போட்ட நிலைகள்

லூமுட் துறையை விட்டுப் படகு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது. கோமதியின் தம்பி முரளி. "அக்கா, கோமதிக்கா போயிட்டாங்க" என்றார். டிங்கி காய்ச்சலோடு ஈப்போ மருத்துவமனையில் படுத்திருந்த கோமதியை முந்திய நாள் மாலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. தேறிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் பங்கோர் தீவில் நடக்கவிருந்த என் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினேன். காய்ச்சல் விட்ட பிறகுதான் நிலைமை மோசமாகிவிட்டதாம்.

படகைத் திருப்பச் சொல்ல முடியாது. உட்காரவும் முடியவில்லை. முன்னுக்கும் பின்னுக்குமாக நடந்தேன். ஒரு மலாய்க்கார அம்மாள் தன் பையை நகர்த்தி எனக்கு இடம் காட்டினார். தலையாட்டிவிட்டு மறுபடி நடந்தேன். பங்கோரில் இறங்கித் துறையிலேயே நின்று, தங்கைக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லிவிட்டு, அடுத்த படகில் திரும்பினேன். கோமதியை அறிந்த உங்களுக்கு இது புரியும். அவரும் ஓர் இடத்தில் உட்கார்ந்து நாம் பார்த்ததில்லை.

ஈப்போவில் ஒரு பழைய தளவாடக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, சிறுவர்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தை இருவரும் சேர்ந்து தொடங்கினோம். நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். கோமதி பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மாநில அணியில் ஆடி, பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பல வருடம் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பியவர். வயதில் நான் மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவார். கூப்பிடுவதோடு சரி. வாக்குவாதத்தில் அந்த அக்காவுக்கு எந்தச் சலுகையும் கிடைத்ததில்லை.

ஆரம்பத்தில் பிள்ளைகளை வயதுப்படிதான் பிரித்திருந்தோம். நன்றாகச் செய்கிற பிள்ளையும் தடுமாறுகிற பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று மாதக்கணக்கில் அதே குட்டிக்கரணத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோமதியால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "அடுத்து என்னான்னு புள்ளைக்கே தெரியலன்னா அது எதுக்குக்கா இங்க வருது?" என்றார். பெர்த்தில் தான் வேலை செய்த கூடத்தைப் போல இங்கும் நிலைகள் வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். முதல் நிலையில் உருளவும் அடிபடாமல் விழவும் தெரிய வேண்டும். அடுத்ததில் கையூன்றிப் பக்கவாட்டில் சுழல வேண்டும். ஒரு நிலையில் உள்ள அத்தனையும் வந்தால்தான் மேலே போகலாம். நிலைக்கொரு நிறத்தில் கைப்பட்டை கொடுத்தோம். நிலைகளைத் தாளில் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டியும் வைத்தோம். பிள்ளைகள் உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் காலணியைக் கழற்றினார்கள்.

எங்களிடம் இரண்டு சகோதரிகள் வந்துகொண்டிருந்தார்கள். அக்காள் அனுஷா, தங்கை யாழினி. ஒரு பரீட்சையில் யாழினி எல்லாவற்றையும் செய்து அடுத்த நிலைக்குப் போய்விட்டாள். அனுஷாவுக்குத் தரைப்பயிற்சியில் ஒன்றே ஒன்று வரவில்லை. பழைய நிறப் பட்டையோடு, தங்கையின் வகுப்பு முடியும்வரை ஓரத்தில் காத்திருந்தாள். அடுத்த வாரம் யாழினி மட்டும் வந்தாள்.

அன்று சாயங்காலமே கோமதி புந்தோங்கில் அவர்கள் வீட்டுக்குப் போனார். அம்மா தேநீர் கொடுத்தாராம். அனுஷா அறையை விட்டு வரவே இல்லையாம். மூடிய கதவுக்கு வெளியே நின்று பேசிவிட்டு வந்ததாகச் சொன்னார். அப்படி என்ன பேசினாய் என்று கேட்டேன். "பீம் கட்டை மேல நீதான் எல்லாரையும் விட நல்லா நடக்குற. நான் போட்ட லெவல்ல அதுக்கு எடமே இல்ல. தப்பு என்னோடதுன்னு சொன்னேன்க்கா" என்றார்.

மறுநாள் நான் போனபோது சுவர் வெறுமையாக இருந்தது. மெத்தையெல்லாம் கிழித்த தாள். இனித் தரைக்குத் தனி நிலை, பீமுக்குத் தனி, கம்பிக்குத் தனி, தாண்டுதலுக்குத் தனி என்றார். ஒரு பிள்ளை ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருக்கலாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பு நேரங்களைப் பிரித்துக் கொடுப்பவள் நான். "சுசாலா கோமதி, ரொம்பக் கஷ்டம். ஒரே புள்ளைய நாலு எடத்துல எப்படி நிறுத்துறது?" என்று சத்தம் போட்டேன். அவர் மெத்தையைச் சுற்றி நடந்துகொண்டே, "புள்ள எல்லாத்துலயும் ஒரே மாதிரியா வளருது? நம்ம அட்டவணைக்குத்தான் அப்படி வேணும்" என்றார்.

கொஞ்ச நாள் இருவரும் வகுப்புக்குத் தேவையானதை மட்டுமே பேசிக்கொண்டோம். பிள்ளைகள் எங்கே போவது என்று தெரியாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். பெற்றோர் சலித்துக்கொண்டார்கள். பிறகு எப்படியோ எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. அனுஷா திரும்பி வந்தாள். பீமில் தங்கையை விட மேல்நிலையில் நின்றாள். தரையில் தங்கைக்குப் பின்னால் நின்றாள். இருவரும் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்வதாக அவர்கள் அம்மா சொன்னார்.

அதோடு கோமதி நிம்மதியாக இருந்திருக்கலாம். அடுத்த வருடம் தரைப்பயிற்சியில் அனுஷா ஒரு கடினமான இடத்துக்கு வந்தாள். பின்பக்கமாகப் பாய்ந்து, கையூன்றி, மறுபடி காலில் எழ வேண்டும். பரீட்சையன்று அதைச் சுத்தமாகச் செய்தாள். ஒரு நிலையைக் கொடுப்பதற்கு முன்னால் பயமாக இருக்கிறதா என்று பிள்ளையிடமே ஒரு வார்த்தை கேட்பது கோமதியின் வழக்கம். கேட்டார். அனுஷா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வருது டீச்சர். ஆனா ஒவ்வொரு தடவயும் பயமாத்தான் இருக்கு" என்றாள். அப்படியானால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று கோமதி சொல்லிவிட்டார்.

அவள் அப்பா சிவா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. ஓய்வு நாளையெல்லாம் எங்கள் பெஞ்சில் கழிப்பவர். போட்டிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "பயம் யாருக்குத்தான் இல்ல டீச்சர்? செஞ்சிட்டாள்லா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. கோமதி இறங்கி வரவில்லை. சிவா இரண்டு பிள்ளைகளையும் வேறு கூடத்தில் சேர்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு கோமதி பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிள்ளைகள் போன பிறகு பீமின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டே இருப்பார். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடக்கும். ஒரு நாள் நடையை நிறுத்தாமலே, "நான் அந்தப் புள்ளயக் காப்பாத்துனேனா, தடுத்துட்டேனாக்கா?" என்று கேட்டார். பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினேன்.

அந்தத் தவிப்பிலிருந்துதான் அடுத்த மாற்றம் பிறந்தது. ஒவ்வொரு பயிற்சியையும் மூன்றாகப் பிரித்தார். முதுகுக்குப் பின்னால் ஆசிரியரின் கை இருக்கும்போது செய்வது, ஆசிரியர் பக்கத்தில் நின்றால் போதும் என்று செய்வது, தனியாகச் செய்வது. மூன்றும் தேர்ச்சிதான். பயந்த பிள்ளையை அங்கேயே நிறுத்தவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். "கை வச்சு செஞ்சாலும் அது புள்ள செஞ்சதுதான்" என்றார். அதுவரை வீட்டில் சொல்ல ஒன்றுமே இல்லாதிருந்த பயந்த பிள்ளைகள், அன்று முதல் வாசலிலிருந்தே அம்மாவைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடினார்கள். அனுஷாவுக்கு மட்டும் அது எட்டாமல் போய்விட்டது.

கோமதியின் இறுதிச் சடங்குக்கு அனுஷா அப்பாவோடு வந்திருந்தாள். நன்றாக உயர்ந்துவிட்டாள். சிவா முரளியின் பக்கத்தில் கைகட்டி நின்றார். அனுஷா என்னிடம் வந்து, புதுக் கூடத்தில் சேர்ந்ததுமே அந்தப் பயிற்சியைப் போட்டியில் செய்ததாகவும் நன்றாக வந்ததாகவும் சொன்னாள். பிறகு, "அங்க பயமா இருக்கான்னு யாரும் கேக்கல டீச்சர்" என்றாள். குறையாகச் சொன்னாளா, அதுவே நல்லதாகப் போயிற்று என்று சொன்னாளா? எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கோமதியாக இருந்தால் கேட்டிருப்பார்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்த அன்றும் அவர் என்னிடம் பேசியது உடம்பைப் பற்றி அல்ல. "கம்பியில மூணாவது லெவலக் கலைக்கணும்க்கா. சின்னதுங்க அங்கயே ரொம்ப நாளா நிக்குது" என்றார். முதலில் எழுந்து வா, பிறகு பார்க்கலாம் என்றேன். எரிச்சலோடு கண்ணை மூடிக்கொண்டார். எப்படிக் கலைப்பது, கலைத்த இடத்தில் எதை வைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாளாக நாளாக மனம் அமைதியடையும் என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அந்த அமைதி வேண்டாம். எங்கள் கையால் எழுதியதையே நம்பாமல், எதிரே நிற்கும் பிள்ளையைப் பார்த்து மறுபடி மறுபடி சந்தேகப்பட்ட அவருடைய பரபரப்பு என்னிடம் இருக்கட்டும். போன சனிக்கிழமை, இரண்டு இளம் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து வாதாடி, கம்பியில் மூன்றாவது நிலையை எடுத்துவிட்டேன். அந்த நிலையில் இருந்த பிள்ளைகள் எங்கே நிற்பது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இப்போதைக்கு இங்கிட்டு நில்லுங்க" என்றேன். "சரியா வரலன்னா மாத்திக்கலாம்."