அறுபத்திரண்டு கையெழுத்தும் ஒரு மார்க்கர் பேனாவும்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில், கம்ப்யூட்டர் ரூமுக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். நாள் முழுக்க ஷூ தைத்து, ஒட்டி, பெட்டியில் போட்டுக் கப்பலேற்றுகிற இடம் அது. அங்கே ஒரே ஒரு அறைக்கு மட்டும் காலணி ஆகாது. வாசலில் கழற்றிவிட்டு, ஏசி குளிரில் கால்விரல்களைச் சுருக்கிக்கொண்டு, ஒரு வருடம் அந்த அறையில் குந்தியிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருடம் ஆகியிருந்த சமயம்.

அதற்கு முன் நான் பேக்கிங் செக்ஷன். அட்டைப்பெட்டிகளின் மேல் சைஸ், கலர், ஊர் என்று மார்க்கர் பேனாவால் எழுதுவது என் வேலை. கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் குவாலிட்டி சார் என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மெஷினிலும் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்கிற குறிப்புகளைக் கம்ப்யூட்டர் ரூமில் உட்கார்ந்து எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர், இந்தக் குறிப்பெல்லாம் வெப்பில் இருக்க வேண்டும், அங்கிருந்தே நாங்கள் திறந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். சாருக்கு வியர்த்துவிட்டது.

இணையத்திலேயே ஒரு படிப்பு இருப்பதைக் கண்டுபிடித்தது நான்தான். தொழில்நுட்பக் குறிப்புகள் எழுதுவது எப்படி, அதை வெப்பில் ஏற்றுவது எப்படி. எட்டு வாரம், எல்லாம் ஈமெயிலில். எங்கோ ஒரு குளிர் தேசத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மையார் பாடம் அனுப்புவார், நாங்கள் பதில் அனுப்ப வேண்டும். வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டாள், "இன்னா படிப்பு அது?"

"எழுதறதுக்கு."

"அதான் ஒண்ணாங்கிளாஸ்லயே படிச்சியே. மறந்துட்டியா?"

சாரிடம் சொன்னபோது அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். "படி. சர்டிபிகேட் கொண்டா. வந்தா இந்த சீட்டு உனக்கு. வரலைன்னா மறுபடி பேக்கிங்தான். அப்புறம் என்னாண்ட வந்து அழக்கூடாது."

நான் அழுகிற ஜாதி இல்லை. சண்டை போடுகிற ஜாதி. ஆனாலும் அன்று சாரோடு சண்டை போடவில்லை. பேக்கிங் செக்ஷனில் உட்காரவே முடியாது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு பெட்டியோடு பெட்டியாக நகர வேண்டும். இங்கே எனக்கு ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அதில் யாரும் பார்க்காதபோது ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. இதைச் சொல்வதில் வெட்கமும் இல்லை.

முதல் ஆறு வாரம் எப்படியோ ஓடியது. அந்த அம்மையாரிடம் ஒரு கெட்ட பழக்கம். நான் எதை எழுதி அனுப்பினாலும் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்: இதைப் படிக்கப்போவது யார்? தொழிலாளர்கள் என்று எழுதினேன். எந்தத் தொழிலாளர் என்று கேட்டார். பேஸ்டிங் செக்ஷன் தொழிலாளர் என்றேன். அவரைப் பார்த்திருக்கிறாயா என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேஸ்டிங்கில் என் தோழி ஒருத்தி இருந்தாள். ஷூவின் மேல்பாகமான அப்பரில் பசை தடவி, அடிப்பாகமான சோலை ஒட்டுவதுதான் அவள் வேலை. பேக்கிங் நாட்களிலிருந்து மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறப்போம். அவள் கொண்டுவரும் கத்திரிக்காய் குழம்பில் பாதியை நான்தான் தின்பேன். பார்த்திருக்கிறாயா என்று என்னைப் போய்க் கேட்கிறாரே என்று பொருமினேன்.

கடைசி இரண்டு வாரத்துக்கு ஒரே வேலை. ஒரு முழுக் கையேட்டை வெப்பில் ஏற்ற வேண்டும். பிறகு அதை உண்மையாகப் பயன்படுத்தப்போகிற ஒருவரை உட்கார வைத்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல், உதவி செய்யாமல், அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டும்.

நான் அறுபத்திரண்டு பக்கம் செய்தேன். இங்கிலீஷிலும் தமிழிலும். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'அடுத்து' என்று ஒரு நீல பட்டன். அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். அது வரும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதல் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"கையெழுத்து எங்க?"

"சார், இது வெப் பேஜ் சார்."

"இருக்கட்டும்மா. கையெழுத்து, சீலு, கண்ட்ரோல்ட் காப்பின்னு முத்திரை, எதுவும் இல்லையே. ஆடிட்டர் வந்து கேட்டா இன்னா சொல்லுவ? கையெழுத்து இல்லாத பேப்பர் பேப்பரே இல்ல."

"இது பேப்பரே இல்ல சார்."

"அதான் நானும் சொல்றேன்," என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். ஏற்றுமதி கம்பெனியில் வளர்ந்தவர்களுக்குக் கையெழுத்து என்பது ஒரு மதம். கழிப்பறைக் கதவின் பின்னால்கூட ஒரு அட்டை தொங்கும், கழுவியவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து, ஒப்புக்கொண்டவர் கையெழுத்து என்று. இந்த மூன்றும் இல்லாத எதையும் நாங்கள் நம்ப மாட்டோம்.

ஆகவே அறுபத்திரண்டு வெப் பக்கங்களையும் பிரிண்ட் எடுத்தேன். சார் ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து அறுபத்திரண்டு கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று சீல் குத்தினேன். பிறகு அத்தனையையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, படமாக்கி, மறுபடி வெப்பில் ஏற்றினேன். ஒரு பக்கம் ஸ்கேன் ஆகி முடிவதற்குள் ஒரு தூக்கம் போடலாம். இப்போது 'அடுத்து' பட்டன் இருந்தது. ஆனால் அது பட்டனின் படம். அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஓரத்தில் ஒன்று முதல் அறுபத்திரண்டு வரை பொடி எழுத்தில் எண்களைப் போட்டு, அதை மட்டும் வேலை செய்கிற மாதிரி வைத்தேன்.

"பாத்தியா, இப்பதான் கம்பீரமா இருக்கு," என்றார் சார். இன்னொரு கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிற தொல்லையும் இதனால் ஒழிந்தது. படத்துக்கு ஃபான்ட் தேவையில்லையே! அந்தக் கண்டுபிடிப்பு அவருடையது என்று இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கையெழுத்துப் போட்ட பிரிண்டுகளை வீணாக்கக் கூடாது என்று லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, கயிற்றில் கட்டி, அந்தந்த மெஷினில் மாட்டவும் சொன்னார். மாட்டினோம்.

நாலைந்து நாள் கழித்து, சோதனைக்கு என் தோழியைத்தான் கூப்பிட்டேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓவர்கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சோல் ஒட்டுகிற பக்கத்தைத் திறந்து, அதில் உள்ளபடி ஒரு ஜோடி ஒட்டிக் காட்ட வேண்டும் என்று சொன்னேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அவள் 'அடுத்து' மேல் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வரலையே?"

நான் நோட்டில் எழுதினேன்: பட்டனை அழுத்துகிறார்.

"ஏய், வரலடி. இன்னா பண்ணணும்?"

எழுதினேன்: கேள்வி கேட்கிறார்.

"உன்னத்தான் கேக்கறேன். காது கேக்கல?"

விதி விதிதான். நான் சுவரைப் பார்த்தேன். ஓரத்து எண்களை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். பதினேழு முறை அந்தப் பட்டனின் படத்தை அழுத்தினாள், எண்ணி எழுதினேன். பிறகு எழுந்துவிட்டாள்.

"நேத்து வரைக்கும் என் குழம்ப நக்கின. இப்ப சேர் வந்ததும் பேச்சு வரலையா? கல்லு மாதிரி உக்காந்துனு இருக்க. ஜோடிதானே ஒட்டணும்? வா, ஒட்டிக் காட்றேன். உன் கம்ப்யூட்டரும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

விடுவிடுவென்று லைனுக்குப் போனாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு, செருப்பை மாட்ட மறந்து, வெறுங்காலோடு பின்னாலேயே ஓடினேன். போகிற வழியில் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனாள். அதையும் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் மெஷின் முன்னால் போனதும்தான் பார்த்தேன். நான் மாட்டிய லேமினேஷன் அட்டை திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்தும் சீலும் மெஷினைப் பார்த்திருந்தன. எங்களைப் பார்த்திருந்த பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் நாலே வரி.

பேஸ்ட்டு ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவு.
வெயில் நாள்ல ஒரு டீ நேரம் காய விடு. மழை நாள்ல ரெண்டு டீ.
விரல் முதுக வச்சிப் பாரு. ஒட்டாம வந்தா ஹீட்டர்ல வை.
முன்பக்கம் மொதல்ல, ஹீல் அப்புறம். ஆறிப்போனா ஒட்டாத, திரும்ப ஹீட்டர்.

பக்கத்து மெஷினைப் பார்த்தேன். அதுவும் திரும்பித்தான் தொங்கியது. அந்த வரிசை முழுக்கத் திரும்பித் தொங்கியது. எல்லாவற்றிலும் அதே நாலு வரி, அதே கோணல் கையெழுத்து.

விதியை மறந்துவிட்டேன். "யார்டி இத எழுதனது?"

"அப்பா, வாய் வந்துருச்சா? நான்தான். புதுசா வர்ற பொண்ணுங்க பேஜார் பண்ணுதுங்க, இத கேக்குது, அத கேக்குது. உன் பக்கத்த படிச்சா ஒண்ணும் புரியல. பத்து நிமிஷம்னு போட்டிருக்க. மழையில பத்து நிமிஷத்துல ஒட்டனா கடைக்குப் போறதுக்குள்ள வாயப் பொளந்துக்கும். ஆடிட்டர் வந்தா உன்னுது முன்னால திருப்பிடுவோம். கவலப்படாத."

எனக்கு எரிந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை நான் பசை டப்பாவோடு வந்த சிறு புத்தகத்திலிருந்து எடுத்திருந்தேன். நான் ஒரு ஜோடிகூட ஒட்டியதில்லை. அவள் குழம்பைத் தின்றிருக்கிறேனே தவிர, அவள் ஒட்டுவதை நின்று பார்த்ததே இல்லை. அட்டையைப் பிய்த்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்த நாலு வரியைப் படித்ததும் சோல் ஒட்டுவது எப்படி என்று எனக்கே புரிந்துவிட்டது. நான் எழுதிய பக்கத்தைப் பத்து முறை படித்தும் எனக்குப் புரிந்திருக்கவில்லை.

நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதினேன். பதினேழு அழுத்தல், தலைக்கனம் எல்லாம். அட்டையின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, இங்கிலீஷில் பெயர்த்து, அறுபத்து மூன்றாவது பக்கமாகச் சேர்த்து அனுப்பினேன். மறுநாள் அம்மையாரின் பதில் இரண்டு வரியில் வந்தது. உன் தளத்தில் எனக்குப் புரிந்தது கடைசிப் பக்கம் ஒன்றுதான், அதை எழுதியது யார் என்று கேட்டிருந்தார்.

'நான்' என்று தட்டினேன். இங்கிலீஷில் அதற்கு ஒரே ஒரு எழுத்துப் போதும். அந்த ஒற்றை எழுத்து திரையில் நிமிர்ந்து நின்றுகொண்டு என்னை முறைத்தது. நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். இன்னொரு சுற்று. அந்த அம்மையாருக்கு ஆம்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது; யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? இருந்தும் எனக்கு முடியவில்லை. அழித்துவிட்டு, பேஸ்டிங் செக்ஷனில் இருக்கும் என் தோழி என்று எழுதி, அவள் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு போய், சர்டிபிகேட் வராது, திங்கட்கிழமையிலிருந்து நான் பேக்கிங் என்று அவளிடம் சொன்னேன்.

"வா, வா. உன் கைக்கு அதான் லாயக்கு," என்றாள் சந்தோஷமாக. கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அழுகிற ஜாதி இல்லை என்று மேலே சொன்னது பொய்.

இரண்டு நாள் கழித்து சர்டிபிகேட் வந்தது. எழுத்துக்குக் குறைந்த மார்க், சோதனைக்கு நிறைய மார்க், ஆக மொத்தம் பாஸ். படிப்பவர் யார் என்று கடைசியில் கண்டுபிடித்துவிட்டாய் என்று அம்மையார் எழுதியிருந்தார். சார் சர்டிபிகேட்டைப் பிரிண்ட் எடுத்து அதிலும் ஒரு சீல் குத்தினார். பிறகு அறுபத்து மூன்றாவது பக்கத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா டீ நேரம்னு போட்டிருக்கே, அந்த டீய அளந்து கேலிபிரேஷன் பண்ணியாச்சா?"

டீயை நிமிஷமாக்கினோம். வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, அவள் டீ குடிப்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்து. கீழே தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கட்டம் போட்டேன். தயாரித்தவர் கட்டத்தில் அவள் பெயரை நானே டைப் செய்து, மார் நிமிர்த்திக்கொண்டு லைனுக்கு எடுத்துப் போனேன். இதைவிட ஒரு மரியாதையை நான் யாருக்குச் செய்துவிட முடியும்?

கட்டத்தைப் பார்த்ததும் அவள் ஒரு எட்டு பின்வாங்கினாள்.

"அய்யய்யோ, எடுறீ இத. நாளைக்கு ஒரு ஜோடி பிரிஞ்சா யார் எழுதனதுன்னு தேடி நேரா என்னாண்டதான் வருவாங்க. நான் லைன்ல நிக்கறவ. உனக்கு சேர் இருக்கு, சர்டிபிகேட் இருக்கு. உன் பேரப் போட்டுக்கோ."

எவ்வளவோ கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. சாரும் அவள் சொல்வதுதான் சரி என்றார். கடைசியில் பெயரை அழித்து என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தப் பக்கத்தைப் பையர் பாராட்டினார், மற்ற யூனிட்டுகளுக்கும் அனுப்பினார்கள், யார் எழுதியது என்று பார்த்தவர்களுக்கெல்லாம் என் பெயர் தெரிந்தது. அவர்கள் என்னைப் பாராட்ட வரும்போதெல்லாம் நான் பேஸ்டிங் பக்கம் கையைக் காட்டுவேன். அவள் சட்டென்று குனிந்து ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.