சுங்கை பினாங்கில் குடிக்காத புட்டிகள்

1. அட்டவணை

நிதிக் குழு பினாங்குக்கு வர நான்கே நாள் இருக்கும்போது, எங்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று எங்கள் காய்ச்சல் கணக்கு அட்டவணையே சொல்லிவிட்டது. அதை எழுதித் தயாரித்தவன் நான்தான்.

அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டிரெஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் மட்டுமல்ல. மருந்து கலப்பான், ரிஜிஸ்டர் எழுதுவான், டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டரைப்போல முகத்தை வைத்துக்கொள்வான். எங்கள் டாக்டர் சின்னையா யாழ்ப்பாணத்துக்காரர். சுங்கை பினாங்கில் கால்வாய் வேலை செய்யும் நம்மவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் குளிர்காய்ச்சல் ஓயாது. காய்ச்சல் வந்தபின் கொய்னா என்கிற குயினைன் கொடுப்பதைவிட, தினமும் கொஞ்சம் கொடுத்து வராமலே தடுக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ரப்பர் முதலாளிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு தரும நிதி முதல் வருடத்துக்குப் பணம் தந்தது. இரண்டாம் வருடத்துக்குத் தராவிட்டால் லயன்களில் மருந்து நின்றுவிடும். மனுவை ஏழு தடவை திருத்தி டைப் அடித்தோம். மனுவில் குறை இல்லை.

2. தைப்பூசத்துக்கு முன்

திங்கட்கிழமைதோறும் நான் லயனுக்குப் போவேன். ஆளுக்கு ஒரு புட்டி மிக்சர், அதாவது கொய்னா கலந்த மருந்துத் தண்ணீர், ஒரு வாரத்துக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தெரிய, புட்டியின் பக்கத்தில் காகிதப் பட்டை வெட்டி ஒட்டியிருப்போம். புட்டியைக் கையில் கொடுத்ததும் ரிஜிஸ்டரில் பெயருக்கு நேராக ஒரு டிக்.

தைப்பூசம் நெருங்கியபோது லயனில் பாதிப் பேர் காப்புக் கட்டி விரதம் தொடங்கினார்கள். நானும் பால்குடத்துக்கு நேர்ந்திருந்தேன். மூக்கன் என்ற கால்வாய்த் தொழிலாளி, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"சாராய வாடை அடிக்குதே தம்பி. விரதக்காரன்கிட்ட பொய் சொல்லாதீங்க. கலந்திருக்கா?"

கொய்னாவின் கசப்பு தெரியாமலிருக்க ஆரஞ்சுத் தோல் டிங்சர் விடுவோம். டிங்சர் என்றால் ஸ்பிரிட்தான். கலந்தவனே நான், இல்லை என்று எப்படிச் சொல்வது?

"கொஞ்சம் இருக்குண்ணே."

"அப்ப தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிட்டு வந்து குடிக்கிறேன் லா."

"சரிண்ணே. வாங்கி வச்சுக்குங்க. விரதம் முடிஞ்சதும் குடிங்க."

டாக்டர் கொடுத்தனுப்பிய மருந்தை வேண்டாம் என்று திருப்புவது மரியாதையில்லை என்று அவர் அதை முருகன் படத்துக்கு அருகில் வைத்தார். நான் டிக் போட்டேன். தைப்பூசம் வரை மூன்று வாரமும் அப்படித்தான். மற்ற விரதக்காரர்களின் வீட்டிலும் இதே கதை. கொடுத்தது உண்மைதானே என்று என் மனசாட்சியும் ஒத்துக்கொண்டது.

தைப்பூசத்தன்று மூக்கன் காவடி எடுத்தார். மலையடிவாரத்தில் அவர் உடம்பு உதறியது. அருள் வந்துவிட்டது என்று சுற்றியிருந்தவர்கள் வேல் வேல் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குளிர்காய்ச்சல் நடுக்கத்தை நூறு தடவை பார்த்தவன் நான். ஆனால் அன்று என் தலையில் பால்குடம் இருந்தது. ஐந்தாம் நாள் மூக்கன் இறந்துபோனார்.

3. குழு

அடுத்த வாரம் குழு வந்தது. அட்டவணையில் ஏறிய காய்ச்சலுக்குக் காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் பொய்ப் பதிவு என்று வேலை போய்விடும். பயந்துபோய் நான்கு நாளும் வாயைத் திறக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று துரைகள். டாக்டர் அரை மணி நேரம் விளக்கினார். அவர்களில் ஒருவர் தோட்டத்துத் துரை. கூலிகளிடம் கற்ற தமிழ் அவருக்கு உண்டு. அட்டவணையை விரலால் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"டிரெஸ்ஸர், நீ மருந்து குடுத்தான். ஆளு காச்சல் வந்தான். இந்த மருந்து என்னாத்துக்கு?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருட உழைப்பு. அந்தத் தலையைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் குடுத்தேன் தொரை. அவங்க குடிக்கல." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "உமக்கு இது முந்தியே தெரியுமோ?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுகொண்டும் டிக் போட்டனீரோ?"

ரிஜிஸ்டரைத் திறந்து அவர் முன் வைத்தேன்.

அன்று பிற்பகலே துரைகள் லயனுக்கு வந்தார்கள். சில வீடுகளில் குடிக்கத் தொடங்கியிருந்தார்கள். பல வீடுகளில் முருகனுக்குப் பக்கத்தில் புட்டிகள் பட்டையின் உச்சிவரை நிறைந்தே இருந்தன. ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். காய்ச்சலில் விழுந்தவர்களில் அநேகமாக எல்லோரும் நிறைந்த புட்டிக்காரர்கள். குடித்தவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கடைசியாக மூக்கனின் மனைவி அஞ்சலை மூன்று புட்டிகளைக் கொண்டுவந்தார். துரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

பணம் கிடைத்தது. இரண்டு நிபந்தனைகள்: மிக்சரில் டிங்சர் கூடாது, டிரெஸ்ஸர் தினமும் போய், குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுத வேண்டும். என் வேலை தப்பியது. ஒரு வருட இன்கிரிமென்ட் போயிற்று. அது குறைந்த தண்டனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

4. அஞ்சலை

மறு திங்கள் புது மருந்தோடும் ஒரு கரண்டியோடும் போனேன். அஞ்சலை வாசலில் நின்றார்.

"பணம் கெடச்சிருச்சாமே தம்பி. எங்க புட்டியப் பாத்துத்தான் குடுத்தாங்களாமே?"

"ஆமாக்கா."

"அவரு அத சாமிகிட்ட வச்சப்ப நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"ஆமாக்கா."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வாயைத் திறந்தார், ஊற்றினேன். கசப்பில் முகம் சுளித்து விழுங்கினார்.

ஆராய்ச்சிக்குப் பணம் வாங்குவது எப்படி என்று இளைய டிரெஸ்ஸர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மனு எழுதும் வகையை டாக்டரிடம் கேளுங்கள் என்பேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்று அஞ்சலையின் தொண்டையில் மருந்து இறங்குவதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் பென்சிலை எடுத்தேன்.