சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்ப் பாதி

போன சனிக்கிழமை, பாரிசுக்கு வெளியே எங்கள் லெ பிளாங்-மெனில் வீட்டுக் குசினியில் தேங்காய் உடைத்தேன். இரண்டாவது அடியிலேயே கீழ்வீட்டுக்காரர் தன் முகட்டில் எதாலோ இடித்தார். மகள் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "பப்பா, பெட்டியிலை தேங்காய்ப்பால் விக்குதுதானே," என்றாள். விக்குதுதான். ஆனால் தேங்காய்த் தண்ணி விரலில் பட்டால் எனக்குப் பாரிசின் லா சப்பலில் வேலை செய்த ஒரு குசினி மணக்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளே, நீங்கள் அப்போது பிறக்கவில்லை. உங்கள் அம்மா இன்னும் வவுனியாவில் இருந்தாள்.

2009 சண்டை முடிந்த பிறகு இங்கே வந்தவன் நான். ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் எங்கள் தமிழ்க் கடைகள் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, யூத ஆக்கள் நடத்திய சின்ன மண்டபம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பெரிய ஆக்களுக்கு வகுப்பு. தலை நரைத்தவர்கள் கொப்பி பென்சிலோடு வந்து, யூதரின் பழக்கவழக்கம், நீதி, சாப்பாடு எல்லாம் படிப்பார்கள். யூதராய்ப் பிறந்தும் ஒன்றும் தெரியாமல் வளர்ந்தவர்கள் பாதி, அறியிற ஆசையில் வந்தவர்கள் பாதி. வகுப்பு முடியச் சாப்பாடு. சமையல் நான். கோப்பை கழுவுவது கணேசண்ணை.

எங்களுக்கு மேலே மிசியு அல்பேர். துனிசியாவில் பிறந்தவர். சமையல் அவர்களுடைய முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான், வகுப்பெடுப்பதும் அவர்தான். கீரையை இலை இலையாய் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி தேடுவார். அடுப்பை அவரே பற்றவைத்து, சட்டியையும் அவரே ஏற்றுவார், அதுவும் அவர்களின் முறையாம். சமையல்காரன் நான், சட்டி ஏற்ற எனக்கு உரிமை இல்லை! முதல் கிழமை எனக்கு ரோசம் வந்தது உண்மை.

இறைச்சிச் சட்டி வேறு, பால் சட்டி வேறு என்று அவர் விளக்கத் தொடங்கியபோது மட்டும் நான் சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் சைவச்சட்டி வேறு, மச்சச்சட்டி வேறு. மாறி எடுத்தால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். இதை என் உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். மனுசன் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.

பிறகு எனக்கும் வகுப்பில் ஒரு காது. குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாப்பாடு நீட்டுகிற யன்னல் ஒன்று. வெங்காயத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் உரிப்பேன். "டேய், நீ மதம் மாறப் போறியோ, இல்லை வெங்காயம் உரிக்கப் போறியோ?" என்பார் கணேசண்ணை. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலேயே அவிப்பது கூடாது, அதிலிருந்துதான் இறைச்சியோடு பால் சேர்க்காத முறை வந்தது என்று மிசியு அல்பேர் ஒருநாள் சொன்னார். நான் யன்னலால் தலையை நீட்டி, "கோழிக்கு ஏது பால்?" என்று கேட்டுவிட்டேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி, எங்கள் பெரியவர்களும் இதைக் கேட்டுச் சண்டை பிடித்தவர்கள்தான் என்றார். கோழியும் பார்வைக்கு இறைச்சி. பார்க்கிறவன் குழம்பிப்போவான். அதனால் அதையும் சேர்த்து விலக்கினார்களாம்.

அந்தக் கேள்வியாலேயோ என்னவோ, அடுத்த ஞாயிறுக்கு "உங்கடை ஊர்க் கோழிக்கறி ஒண்டு வையும்," என்றார். தமிழ்க்கடையில் முழுத்தேங்காய் வாங்கிக்கொண்டு போனேன். அவர் முன்னால் உடைத்து, துருவி, பிழிந்தேன். சட்டியை அவர் ஏற்றிவிட்டு வகுப்புக்குப் போனார். கறி கொதித்து வர, கடைசியாய் முதற்பாலை ஊற்றினேன்.

யன்னலில் வகுப்புக்கு வருகிற மதாம் மிரியாம் தண்ணீர் கேட்க வந்து நின்றா. எழுபது தாண்டியவ. இப்படி முறைப்படி சமைத்த சாப்பாட்டுக்கு வந்து இருப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தரம் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்த மனுசி. கோழிக்குள் வெள்ளையாய் விழுந்ததைப் பார்த்தா. தண்ணீரும் வாங்காமல் திரும்பினா.

"டேய், மனுசி குளிர்கோட்டைப் போடுது. மாட்டுப்பாலெண்டு நினைச்சிட்டுது," என்றார் கணேசண்ணை.

அந்தக் குசினி நம்பிக்கையில் நடந்தது. அவ நாலு பேருக்குச் சொன்னால் குசினி இல்லை. குசினி இல்லாவிட்டால் என் வேலைக் கடிதம் இல்லை. கடிதம் இல்லாமல் பிரெபெக்தூர் கந்தோரில் வதிவிடக் காட் புதுப்பிக்கவும் முடியாது, உங்கள் அம்மாவைக் கூப்பிடவும் முடியாது. ஏப்ரனோடு ஓடினேன், கையில் துருவாமல் மிஞ்சின ஒரு தேங்காய்ப் பாதி. தமிழ்க்கடை வாசலில் நின்றவன், "என்னண்ணை, கிழவிக்குத் தேங்காயாலை எறியப் போறியளோ?" என்று கத்தினான்.

மெத்ரோப் படியடியில் பிடித்தேன். படித்த பிரெஞ்சு முழுக்கப் பறந்துவிட்டது. "மாடு இல்லை, மதாம்! மாடு இல்லை!" இதையே நாலு தரம் சொன்னேன். அவ தேங்காய்ப் பாதியை வாங்கி, நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தா. பிறகு படியிலேயே இருந்து கண்ணீர் வரச் சிரித்தா.

நான் வென்றவன் மாதிரி அவவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மிசியு அல்பேரோ எல்லார் முன்னாலும் அவவிடம் மன்னிப்புக் கேட்டார். "அவ கண்டது சரி. காட்டின நாங்கள்தான் பிழை," என்றார். இறைச்சியோடு பாதாம்பால் சேர்த்தால் பக்கத்தில் நாலு பாதாம்பருப்பு வைப்பது அவர்களின் பழைய வழக்கமாம். சரியாய்ச் செய்தால் போதாது, பார்க்கிறவனைத் தவறாய் நினைக்கவும் விடக்கூடாது. சொல்லிவிட்டுத் தேங்காய்ப் பாதியைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்குக் கோபம். பிழை செய்யாதவன் ஏன் மன்னிப்புக் கேட்க வேணும்? பஸ்ஸில் வரும்போதும் அதே யோசனை. அப்போதுதான் உங்கள் அம்மாவின் நினைவு வந்தது. ஞாயிறு மத்தியானங்களில் அவள் எடுக்கிறபோது போனில் மண்டபத்துப் பொம்பிளையளின் சிரிப்பு அவளுக்குக் கேட்கும். "ஆர் அது?" என்று இரண்டு தரம் கேட்டவள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். நான் ஒரு பிழையும் செய்யவில்லை என்று நானும் பேசாமல் இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எடுத்து, வகுப்பு, யன்னல், மதாம் மிரியாம் எல்லாம் சொன்னேன். "இதை முந்தியே சொல்லியிருக்கலாமே," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள்.

மண்டபம் விற்றுப்போய்க் கனகாலம். மிசியு அல்பேர் மகளோடு இருக்க மர்செய் நகரத்துக்குப் போனவர், பிறகு தொடர்பில்லை. மதாம் மிரியாம் கடைசி ஞாயிறு வரைக்கும் வந்தா. வந்ததும் நேரே குசினிக்குள் வந்து மூடியைத் திறந்து, "இண்டைக்கு என்ன போட்டனீர்?" என்று கேட்பா. நான் உப்பிலிருந்து ஒவ்வொன்றாய்ச் சொல்லுவேன்.

இப்போது பக்கத்து ஊர் ஓல்னேயில் நான் வேலை செய்கிற கன்டீனில் எல்லாம் பெட்டியில் வருகிறது. என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் சீட்டு ஒட்டியிருக்கிறது. போன கிழமை ஒரு மனுசன் கறிக்கு முன்னால் கொஞ்சம் நின்றான். நான் சந்தோசமாய், இதுக்குள்ளை என்ன கிடக்கெண்டால், என்று தொடங்கினேன். அவன் சீட்டைக் காட்டி, வாசித்துவிட்டேன் என்று தலையாட்டிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனான்.