விழித்துக்கொண்டதற்கு ஒரு டீ

என் கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். நாள் முழுக்க நிற்கிற பிழைப்பு. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்ததில் உள்ளே ராடு வைத்தார்கள். அதை ஒட்டிக் கிருமி குடியேறிவிட்டது. மருந்து ஏற்றினால் காய்ச்சல் போகும், நிறுத்தினால் திரும்பி வரும். இரண்டு முறை இப்படி ஆயிற்று. "இன்னொரு தடவை வந்தா ராடை எடுத்துதான் ஆகணும். எலும்பு இன்னும் கூடல. அப்புறம் இவர் பழையபடி நிக்கிறது கஷ்டம்," என்றார் டாக்டர். பரிசோதனையில் மட்டும், இந்த மருந்துக்குச் சாகிற கிருமிதான் என்றே ஒவ்வொரு முறையும் வந்தது.

அது பொய்யில்லை. அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் தினமும் பார்ப்பது இதைத்தான். ஒரே தாயிலிருந்து பிரிந்த கிருமிகள், ஒரே தீனி, ஒரே சூடு. ஆனாலும் ஒன்று மளமளவென்று வளரும், இன்னொன்று சோம்பிக் கிடக்கும், எங்கோ ஒன்று வளரவே வளராது. மருந்து வளர்கிறவற்றைக் கொன்றுவிட்டுத் தூங்குகிறதை விட்டுவிடும். மருந்தைக் கழுவிப் புதுத் தீனி கொடுத்தால் அந்தத் தூங்குமூஞ்சி எழுந்து இரண்டாகும், நான்காகும். அதன் பிள்ளைகளும் அதே மருந்துக்குச் சாகும், எங்கோ தூங்குகிற ஒன்றைத் தவிர.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அப்படி எழுவதை யார் நுண்ணோக்கியில் பிடிக்கிறாரோ அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அபூர்வமான காட்சி என்பதால் கைதட்டலும் உண்டு.

போன வாரம் மறுபடி மருந்தை நிறுத்தினார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டு, அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தார். நான் சாக்குச் சொல்லிச் சொல்லி அவர் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பயம் என்னைப் பிடுங்கித் தின்றது.

நேற்று மத்தியானம் நுண்ணோக்கியின் திரையில் தூங்கிக் கிடந்த கிருமி ஒன்று மெல்ல நீண்டது. பார்த்தது நான்தான். சனியனே, தூங்கேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

"மேடம் மாட்டிக்கினாங்க. இன்னிக்கு டீயோட பஜ்ஜியும் கீது," என்று சக ஊழியர் ஒருவர் அறிவிக்க, எல்லோருமாக என்னைத் தெருமுனைக் கடைக்கு இழுத்துப் போனார்கள். அங்கே நிற்கும்போது என் கணவர் போனில் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்ல, லேசா குளுருது. ஃபேனை நிறுத்திட்டுப் படுத்திருக்கேன். திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடும்ல?"

பின்னால் கைதட்டினார்கள்.

"அங்க என்ன கைதட்டுறாங்க? நல்ல சேதியா?" என்று கேட்டார்.

"ஆட்டோ புடிச்சு வரேன்," என்றேன். "நல்லா போத்திக்கிட்டுப் படுங்க."