கன்னத்தில் கட்டிய அரிசி

மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடக்கும் நேரம். ராசா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் சிவானந்தம், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கன்னத்தில் அரிசி கடத்தினானாம். கடைத்தெருவில் பேச்சு. விசாரிக்கப் போனேன். கன்னமும் உண்மை, அரிசியும் உண்மை.

கடைவாய்ப் பல் அழுகி முகம் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர், வயிற்றுப்போக்குக்கும் தரும் அதே வெள்ளை மாத்திரையைத் தந்தார். டவுனில் பல் பிடுங்கும் சீனரிடம் போகலாம். ஆனால் தோட்டத்து கேட்டில் போலீஸ் சோதனை என்றாலே அவனுக்கு நடுக்கம். பயமா வலியா என்று தவித்தவன், கடைசியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

"செத்துக்கித்துத் தொலையாத லா. போய்ப் புடுங்கிட்டு வா தம்பி," என்றாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா. போகிற வழிக்கு ஒத்தடமாக இருக்கட்டுமென்று தன் பங்கீட்டு அரிசியில் ஒரு பிடியை வறுத்து, துணியில் முடிந்து, கன்னத்தோடு கட்டிவிட்டாள். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடுமென்று, தோட்டத்தைவிட்டு ஒரு மணி அரிசியும் வெளியே போகக்கூடாதென்ற சட்டம் அந்த அவசரத்தில் யாருக்கு நினைவிருக்கும்? கேட்டில் கட்டை அவிழ்த்தார்கள். ஆளை உள்ளே போட்டார்கள்.

"அடிக்கிறதா இருந்தா இந்தப் பக்கமே அடிங்கய்யா, பல்லாவது விழட்டும்!" என்று கெஞ்சியிருக்கிறான். யாரும் அடிக்கவில்லை. விசாரணை முடியும்வரை பல்லும் அவனும் உள்ளேதான். அரிசி சாட்சிப் பொருளாக மேசைமேல் இருக்கிறது.

தாயம்மா என்னைத்தான் கேட்கிறாள்: "எம் ஒரு பிடி அரிசிய யாருங்க திருப்பித் தருவா?"