மேட்டுக் கல்லறைக்கு ஊற்றிய பால்

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள்தான் நான். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், கண்ணால் பார்க்காததை நம்பியதில்லை. நீங்களும் இதை நம்ப வேண்டாம், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வெள்ளைத்துரைமார் காலம், தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அங்கே சர்ச்சுக்கு முன்பே கல்லறை வந்துவிட்டது என்று கங்காணி சொல்வார். தோட்டம் போட வந்த ஒரு துரையின் சம்சாரம், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு காய்ச்சலில் போய்விட்டாளாம். பிள்ளையைச் சீமைக்குக் கப்பலேற்றிவிட்டு அவளை மேட்டில் புதைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக அவள் பக்கத்தில் போய்ப் படுத்தார்கள். கடைசியில்தான் கீழே சர்ச் எழும்பியது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தக் கல்லறை மேட்டில் புல் செதுக்கப் பெண்களை அனுப்புவார்கள். அந்த வருஷம் நானும் போனேன். என் மூத்தவன் அப்போது கைப்பிள்ளை, என் பாலைத் தவிர எதையும் வாயில் வாங்க மாட்டான். நாங்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாடத்தியக்காளிடம் கொட்டகையில் விட்டிருந்தேன்.

உச்சிப்பொழுதில், "புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வாரேன் அண்ணாச்சி" என்று கங்காணியிடம் கேட்டேன்.

"போ, போ. அப்படியே சோத்தையும் முழுங்கிட்டு ஆடி அசைஞ்சு வராத. புல்லு என்ன, நீ வார வரைக்கும் வளராமலா நிக்கும்?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நாலெட்டு வைத்திருப்பேன், மூடுபனி இறங்கிவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை. கல்லறையைச் சுற்றிய மதிலைத் தொட்டுக்கொண்டே நடந்தேன், எப்படியும் கேட் வந்தாக வேண்டுமில்லையா, வரவில்லை, சுற்றிச் சுற்றி அதே பாசிக்கல். இடுப்பளவு மதில்தானே என்று ஏறிக் குதித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், குதித்த இடத்திலும் கல்லறைதான். மறுபடி ஏறினேன், மறுபடி கல்லறை. மார் கட்டி, ரவிக்கை நனைந்து, பிள்ளை அழுவது காதுக்குள்ளேயே கேட்டது.

முட்டி இடித்து நின்ற இடம் அந்தப் பழைய கல், துரை சம்சாரத்துடையது. எங்களில் ஒருத்தரைப் புதைத்தால் மறுநாள் போய்ப் பால் ஊற்றுவோம். இவளுக்கு யார் ஊற்றியிருப்பார்கள்? எழுதவே கூச்சமாக இருக்கிறது, முந்தானையால் மறைத்துக்கொண்டு என் பாலையே தலைமாட்டில் பீய்ச்சினேன்.

"தாயி, எம்புள்ள பசியாக் கெடக்கான். என்னைய விட்டுரு."

பனி விலகவில்லை. ஆனால் நீட்டிய கையில் கேட்டின் இரும்பு சில்லென்று பட்டது.

கொட்டகைக்கு ஓடினேன். மாடத்தியக்காள், "ஏட்டி, இப்பத்தான குடுத்துட்டுப் போன? அதுக்குள்ள என்ன ஓட்டம்?" என்றாள்.

"நான் இப்பத்தான் வாரேன்க்கா."

"போடி கூறுகெட்டவளே. முக்காட்டக்கூட எடுக்காம, ஒரு வார்த்த பேசாம உக்காந்து குடுத்தியே!"

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். வயிறு நிறைந்து, கடைவாயில் பால் வழிந்திருந்தது.

இப்போது அவனுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அவனிடம் நான் சொன்னதில்லை. அன்றைக்குப் பிறகு அவன் என் மாரில் வாய் வைக்கவே இல்லை. மாட்டுப்பாலையும் துப்பிவிட்டான். ஆனாலும் ஒரு நாள்கூட இளைக்காமல், பார்க்கிறவர்கள் கண் வைக்கும்படி கொழுகொழுவென்று வளர்ந்தான்.