மேட்டில் உரசும் கார்

ரூபனை அந்தக் கார்தான் ஒருநாள் கொண்டுபோகும் என்று ஈப்போ பக்கம் செமோரில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் வீட்டுப் புஷ்பலதா அக்கா, கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போதுகூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை. கடைசியில் அவனைக் கொண்டுபோனது ஒரு கொசு. டெங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவன் அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான். முப்பத்து மூன்று வயது. கார் ஒரு கீறல் இல்லாமல் வாசலில் நின்றது. ஊர்வாய் கொஞ்ச நாள் சும்மா இருந்தது.

அவன் தங்கை ஷர்மினிக்கு அண்ணன் உயிரோடு இருந்தபோது, அவனைவிட அந்தக் காரின் மேல்தான் அதிகக் கோபம் இருந்தது. பழைய வெள்ளை சத்ரியா ஜி.டி.ஐ. சின்ன உடம்பு, அதற்குள் பொல்லாத எஞ்சின். ரூபன் ஈப்போவில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பகலெல்லாம் ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தவனுக்குச் சாயங்காலம் இந்தக் காரில் ஏறினால்தான் உயிர் வரும். சம்பளம், சனி, ஞாயிறு எல்லாம் அதற்கே போயின.

ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்த வேண்டும் என்ற ஆசை வந்தபோது அவன் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை விசாரிக்க மாட்டார்கள். தினமும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவான்.

"இந்த அக்கறையில கால்வாசி பொண்ணு பாக்குறதுல காட்டியிருந்தா, இந்நேரம் எனக்கு ஒரு அண்ணி வந்திருப்பாங்க லா" என்றாள் ஷர்மினி.

அம்மா கலாதேவிக்கு விஷயமே பிடிபடவில்லை. "காரு ஒசரமா இருந்தா என்னய்யா கொறைஞ்சு போச்சு?"

"வளைவுல சாயுதும்மா. கொஞ்சம் எறக்கிட்டா ரோட்டப் புடிச்சிக்கும்."

இருக்கிற ஸ்பிரிங்கையே ரெண்டு வளையம் வெட்டிவிட்டால் செலவில்லாமல் கார் இறங்கிவிடும் என்று வழி சொன்னவர்கள் உண்டு. ரூபன் அவர்களோடு பேச்சையே நிறுத்தினான். வெட்டிய ஸ்பிரிங் குதிக்கும், குழியில் விழுந்தால் இடம்விட்டு நழுவும் என்பது அவன் கட்சி. தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்தான் போட வேண்டும். அதில் ஐம்பது மில்லிமீட்டர் இறக்குவதா, முப்பதா என்பதில்தான் அவன் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டான்.

சிலிபினில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த அவன் கூட்டாளி சுகுமாரன், ஐம்பதுதான் என்று அடித்துச் சொன்னான். "முப்பதுலாம் ஒரு எறக்கமா மச்சான்? உங்கம்மா மார்க்கெட்டுக்குப் போற காரு மாதிரி இருக்கும்லா."

"அம்மா போற காருதான்டா" என்றான் ரூபன்.

அது உண்மை. கலாதேவி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரப்பர்த் தோட்டம் விற்கப்படும்வரை அங்கே பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவள். புருஷனையும் அங்கேயே பறிகொடுத்தவள். தோட்டம் கைமாறியதும் தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். முனியாண்டி கோயில் மட்டும் செம்மண் சாலையின் கடைசியில் தனியாக நின்றது. வெள்ளிக்கிழமை அங்கே விளக்கேற்றாமல் அவளுக்கு அந்த வாரம் ஓடாது. ஐம்பது இறக்கினால் அந்தச் சாலையில் கார் வயிற்றால் நகர வேண்டியதுதான். ரூபன் முப்பதை எடுத்தான்.

சிவப்பு ஸ்பிரிங். பழையதை எண்ணெய் போட்டுத் துடைத்து, பேப்பரில் சுற்றித் தன் கட்டிலுக்கடியில் வைத்தான். வண்டிச் சோதனை என்று வந்தால் அதையே திரும்ப மாட்டிக்கொண்டு போகலாம். முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் இறங்கிய அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தேர்ல வந்த மாதிரி இருக்குய்யா" என்றாள். தேரில் உட்கார்ந்து போனால் எப்படிக் குலுங்கும் என்று தெரிந்தவர்களுக்கு அது பாராட்டில்லை என்பது புரியும். ரூபன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

புது ஸ்பிரிங் நாளாக நாளாக இன்னும் கொஞ்சம் உட்காரும். அதை அவன் கணக்கில் எடுத்திருந்தான். வீட்டுக்கு முன்னால் தாமான்காரர்கள் சொந்தச் சிமெண்டில் கட்டிவைத்த மேட்டைத்தான் மறந்துவிட்டான். பிள்ளைகள் விளையாடுகிற சாலை என்று ஆளுக்கொரு வாளி கலவை போட்டு ஒரு குட்டி மலையையே எழுப்பியிருந்தார்கள். ரூபன் காரைக் கோணலாகத் திருப்பி, இடது சக்கரத்தை முதலில் ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குவான். என்ன செய்தும், கடைசியில் புகைக்குழாய் மேட்டில் உரசி 'கரக்' என்று ஒரு சத்தம் வரும். அவனுக்குப் பல் கூசும்.

உள்ளே கலாதேவிக்கு அது மணியடித்த மாதிரி. கரக் என்று கேட்டதும் எழுந்துபோய்க் குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். மகன் கால் கழுவிவிட்டு உட்காரும்போது குழம்பு கொதித்திருக்கும்.

ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்த ஷர்மினி பஸ்ஸில் வருவாள், மூடி வைத்திருப்பதை எடுத்து ஆறினதைச் சாப்பிடுவாள். தனக்கு மட்டும் ஏன் ஆறினது என்று ஒருநாள் மனம் பொறுக்காமல் கேட்டும்விட்டாள்.

"நீ பூனை மாதிரி வர்ற. எனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் அம்மா.

ரூபனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் காரை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அம்மா வாசலுக்கே வரவில்லை. "விக்க வேணாம். நீயே ஓட்டு" என்று மட்டும் உள்ளேயிருந்து சொன்னாள்.

ஷர்மினி ஓட்டினாள். முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், அண்ணன் செய்தது போலவே காரைக் கோணலாகத் திருப்பி மேட்டில் ஏற்றினாள். கரக். காரை நிறுத்தி இறங்குவதற்குள் அம்மா கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஷர்மினியைப் பார்த்ததும் அது அணைந்தது. "நீயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். உள்ளே குழம்புச் சட்டி அடுப்பில் ஏறியிருந்தது. அம்மாவே போய் அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும். எத்தனை மெதுவாக ஏற்றினாலும் அந்தப் பாழாய்ப்போன குழாய் உரசியது. காரைத் தெருமுனையில் விட்டு நடந்து வந்தால், "கார எங்கடி விட்டுட்டு வந்த? யாராச்சும் இடிச்சிட்டா?" என்று அம்மா பதறினாள். தினமும் அந்த முகம் மலர்வதையும் அணைவதையும் பார்க்க ஷர்மினிக்கு நெஞ்சு வெந்தது. பெற்றவளைத் தானே தினம் ஒருமுறை கொல்வதாக நினைத்தாள்.

அம்மா அடுத்த வீட்டுக்காரர்களோடு கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கட்டிலுக்கடியிலிருந்த பழைய ஸ்பிரிங்குகளை எடுத்துக்கொண்டு சிலிபினுக்குப் போனாள்.

சுகுமாரன் பொட்டலத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். "அவன் ஆசையா போட்டதும்மா."

"தெரியும்ணே. அம்மாவால தாங்க முடியல. கழட்டிருங்க."

அவன் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினான். சிவப்பு ஸ்பிரிங்கைக் கழற்றியபோது அதிலிருந்த செம்மண்ணைத் துணியால் துடைத்தான். துடைத்த துணியாலேயே கண்ணையும் துடைத்தான். "இது இங்கேயே இருக்கட்டும். யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிச் சுவரில் ஆணியடித்து மாட்டினான்.

அன்றைக்கு மேட்டில் கார் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. ஷர்மினிக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கோயிலிலிருந்து திரும்பியிருந்த அம்மா, சமையலறையில் மகளின் குரல் கேட்டுத்தான் திரும்பினாள். முகத்தில் மலர்ச்சியும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று ஷர்மினி நினைத்தாள்.

நல்லதாகப் போகவில்லை. அம்மா சாயங்காலமானால் டிவியை நிறுத்திவிட்டு, ஹாலில் கதவுப்பக்கமாகக் காதை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். சாப்பாடு குறைந்தது. வெள்ளிக்கிழமைகூட, "கால் வலிக்குதுடி" என்று படுத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஷர்மினி செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டாள். "காரு இப்பல்லாம் அந்த மேட்டுல இடிக்கிறதில்ல போலயே?"

"பழைய ஸ்பிரிங்கப் போட்டுட்டேம்மா. அந்தச் சத்தம் கேட்டு நீங்க ஏமாந்து போறத என்னால பாக்க முடியல."

அம்மா கோபப்படுவாள் என்று ஷர்மினி காத்திருந்தாள். வந்த குரலில் கோபமே இல்லை.

"அந்தச் சத்தம் கேட்டா அவன் செத்தது எனக்கு மறந்துரும்டி. ஒரு நிமிசந்தான். கை தானா அடுப்புக்குப் போவும். அப்புறம் உன்னப் பாத்தோன்ன ஞாபகம் வந்துரும். வந்தா வந்துட்டுப் போவுது, நாளைக்கு மறுபடி வருவான்லா. அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் பகலெல்லாம் உயிரப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அத ஏன்டி எடுத்த?"

ஷர்மினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்குத் தெரியலம்மா. சுகுமாரன் அண்ணே அத வச்சிருக்காரு. நாளைக்கே போட்டுர்றேன்."

"வேணாம்." அம்மா அவள் தலையில் கை வைத்தாள். "நான் வாய்விட்டுச் சொல்லிட்டேன், நீயும் கேட்டுட்ட. இனிமே அந்தச் சத்தம் வந்தா, எம்மவ எனக்காக இடிக்கிறாள்னு தெரிஞ்சிரும். அவன் வர மாட்டான்."

அடுத்த நாள் சாயங்காலம் ஷர்மினி மேட்டைத் தாண்டிக் காரை நிறுத்தினாள். கார் மெத்தென்று இறங்கி நின்றது. வருவது யார் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்று சின்னதாக ஒருமுறை ஹார்ன் அடித்தாள்.

உள்ளே போனபோது அம்மா அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "வந்துட்டியா, கை கழுவிட்டு உக்காரு" என்றாள்.

தட்டில் ஊற்றிய குழம்பில் ஆவி பறந்தது. இத்தனை வருஷமாக ஷர்மினி ஆசைப்பட்டது அதுதான். இரண்டு கவளத்துக்கு மேல் அவளால் இறக்க முடியவில்லை.